மூட்டைக்கு எத்தனை மில்லி? சிமெண்ட் அரைப்பும் பிளாஸ்டிசைசரும்: வாசகர் கேள்வி – பதில்

கான்கிரீட் அட்மிக்சர் (கலவையில் சேர்க்கும் ரசாயனத் திரவம்) பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொள்கிறோம். கலவையை இளக்கும் அட்மிக்சர்தான் பிளாஸ்டிசைசர், அதன் வலுவான வகை சூப்பர் பிளாஸ்டிசைசர். அட்மிக்சர் அளவு சதவீதத்தில் வரும் இடமெல்லாம், சிமெண்ட் எடையில் இத்தனை சதவீதம் எடையுள்ள திரவ அட்மிக்சர் என்று கொள்ளவும்.

கேள்வி: ஐயா, எங்கள் சைட்டில் ஓ.பி.சி. 53 (53 கிரேடு சாதா போர்ட்லேண்ட்) சிமெண்ட், நாப்தலீன் வகை சூப்பர் பிளாஸ்டிசைசர் 0.8 சதவீதம். போன மாதம் வரை 120 மி.மீ. ஸ்லம்ப் (கூம்பு அச்சைத் தூக்கியதும் கலவை தாழும் அளவு) சுலபமாக வந்தது. புது லோடு இறங்கியதிலிருந்து அதே கலவை 70-ஐத் தாண்டுவதில்லை. அரை மணி நேரத்தில் அதுவும் இறுகிவிடுகிறது. சிமெண்ட் கம்பெனியும் மாறவில்லை, கேனும் மாறவில்லை. கெமிக்கல்காரர் சிமெண்ட்டைக் குறை சொல்கிறார், டீலர் கெமிக்கலைக் குறை சொல்கிறார். எதைப் பார்ப்பது?
— சைட் இன்ஜினீயர், ஓசூர்

பதில்: இரண்டு லோடுக்கும் டெஸ்ட் சர்டிஃபிகேட்டைக் கேட்டு வாங்குங்கள். மூட்டையின் மேல் எந்த வாரம், மாதம், வருடம் பேக் செய்தது என்று அச்சிட்டிருக்கும். அந்தந்த வாரத்துக்கான சர்டிஃபிகேட்தான் வேண்டும். கையில் வந்ததும் எல்லோரும் 28 நாள் வலிமையைத்தான் பார்ப்பார்கள். உங்களுக்கு வேண்டியது ஃபைன்னெஸ் (நுண்மை) என்ற வரி. ஒரு கிலோ சிமெண்ட் துகள்களின் மொத்த மேற்பரப்பு எத்தனை சதுர மீட்டர் என்று பிளெய்ன் முறையில் அளந்த எண் அது. ஐ.எஸ். 269 என்ற இந்தியத் தரவிதி ஓ.பி.சி.க்குக் கேட்பது குறைந்தது 225. மேல் வரம்பு எதையும் அது வைக்கவில்லை. ஆகவே 300-ல் அரைத்து வந்தாலும் 360-ல் அரைத்து வந்தாலும் இரண்டும் 53 கிரேடுதான், இரண்டும் பாஸ்தான்.

அந்த எண் உங்கள் கேனை என்ன செய்கிறது என்று நிலக்கணக்கில் பாருங்கள். 300 என்றால் 50 கிலோ மூட்டைக்குள் 15,000 சதுர மீட்டர், அதாவது மூன்றே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. 360 என்றால் 18,000 சதுர மீட்டர், ஏறக்குறைய நாலரை ஏக்கர். மூட்டையின் எடை மாறவில்லை. பூச வேண்டிய பரப்பு முக்கால் ஏக்கர் கூடிவிட்டது. நீங்களோ மூட்டைக்கு அதே 400 கிராம் ஊற்றுகிறீர்கள். நாப்தலீன் திரவத்தில் திடப்பொருள் 40 சதவீதம் அளவில் இருக்கும். அப்படியானால் உண்மையில் வேலை செய்யும் பொருள் 160 கிராம்தான்.

அந்த 160 கிராம் செய்ய வேண்டிய வேலை பெரியது. தண்ணீர் பட்டதும் சிமெண்ட் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. திரளுக்குள் தண்ணீர் சிறைப்படுகிறது. நாப்தலீன் மூலக்கூறு துகளின் மேல் படிந்து அதற்கு எதிர் (நெகட்டிவ்) மின்னேற்றம் தருகிறது. ஒரே ஏற்றமுள்ள துகள்கள் விலகுகின்றன, சிறைப்பட்ட தண்ணீர் வெளியே வருகிறது, கலவை இளகுகிறது. படிய வேண்டிய பரப்பு கூடினால் ஒவ்வொரு துகளுக்கும் கிடைக்கும் பங்கு குறையும்.

அரை மணியில் இறுகுவதற்குப் பரப்பு மட்டும் காரணமல்ல. நன்றாக அரைத்த சிமெண்ட்டில் டிரைகால்சியம் அலுமினேட் என்ற கூறு அதிகமாகத் தண்ணீருக்கு முகம் காட்டுகிறது. சிமெண்ட்டில் எல்லாவற்றையும் முந்திக்கொண்டு தண்ணீரோடு வினைபுரிவது அதுதான், பிளாஸ்டிசைசரை முதலில் விழுங்குவதும் அதுதான். அதை அடக்கி வைக்கத்தான் கிளிங்கரோடு (சூளையில் சுட்ட சிமெண்ட் உருண்டை) ஜிப்சம் சேர்த்து அரைக்கிறார்கள். ஜிப்சத்திலிருந்து வரும் சல்ஃபேட் அலுமினேட்டின் மேல் முதலில் போய் இடம் பிடித்தால் பிளாஸ்டிசைசர் மற்ற துகள்களுக்கு மிஞ்சும். அரைப்பை ஏற்றிவிட்டு, கரையும் சல்ஃபேட்டை அதற்கேற்ப ஏற்றாமல் விட்டால், ஊற்றியதில் பெரும்பங்கு அலுமினேட்டின் வினைப்பொருளுக்குள் புதைந்துபோகும். புதைந்தது திரும்ப வராது. உங்கள் புது லோடு 70-ல் ஆரம்பித்து வேகமாகச் சாவது இந்த இரண்டும் சேர்ந்ததன் அடையாளம் போலத்தான் தெரிகிறது. சர்டிஃபிகேட்டில் சல்ஃபேட் எண்ணையும் பழைய லோடோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சிமெண்ட்டின் சூட்டையும் கவனிக்க வேண்டும். ஆலையிலிருந்து நேராக வந்து இறங்கும் சிமெண்ட் 60, 70 டிகிரி சூட்டில் இருப்பது உண்டு. அரைத்துச் சில நாட்களே ஆன சூடான சிமெண்ட் பிளாஸ்டிசைசரை அதிகம் கேட்கும், ஸ்லம்ப்பையும் வேகமாக இழக்கும். மூட்டை அடுக்குக்குள் தெர்மாமீட்டரைச் செருகிப் பாருங்கள். இடம் இருந்தால் பழைய லோடை முதலில் தீர்த்து, புதியதை நாலைந்து நாள் ஆறவிடுங்கள்.

அளவைத் திருத்த, முதல் மதிப்பீடாக நுண்மை விகிதத்தில் ஏற்றலாம். 300-லிருந்து 360 என்றால் 0.8-ஐ 1.2-ஆல் பெருக்க 0.96 வரும். 0.9, 0.95, 1.0 என மூன்று சோதனைக் கலவை போட்டு அதில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இது தொடக்கப் புள்ளிதான். அலுமினேட்டும் சல்ஃபேட்டும் இந்த எண்ணை இழுத்துவிடும் என்பதால் சோதனை இல்லாமல் நேராகத் தளத்தில் ஊற்ற வேண்டாம்.

தண்ணீர் மட்டும் சேர்க்கவே சேர்க்காதீர்கள். கன மீட்டருக்கு 400 கிலோ சிமெண்ட், 180 லிட்டர் தண்ணீர் என்றால் தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.45. ஸ்லம்ப்புக்காக 10 லிட்டர் விட்டால் 0.475 ஆகிவிடும், அதற்கேற்ற வலிமை போய்விடும். அதே வேலையை 0.16 சதவீதக் கூடுதல் அட்மிக்சர், அதாவது 640 கிராம், செய்யக்கூடும்.

சிமெண்ட் மேல் முழுப் பழியும் போடும் முன் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. அதே வாரம் எம்-சாண்டும் புதிதாக வந்ததா? மணலில் களிமண் தூசி ஏறினாலும் இதே அறிகுறிதான் தெரியும். மணலும் ஜல்லியும் இல்லாமல் இரண்டு லோடு சிமெண்ட்டையும் அதே கேனோடு வெறும் பசையாகக் கலந்து ஓடவிடுங்கள். பசை இரண்டும் ஒரே மாதிரி ஓடினால் குற்றவாளி மணல். ஒன்று ஓடி ஒன்று நின்றால் சிமெண்ட்தான். இதற்கான முறை அடுத்த பதிலில் இருக்கிறது. இனி ஒவ்வொரு லோடிலிருந்தும் 5 கிலோவைக் காற்றுப் புகாத பையில் தேதி எழுதி எடுத்து வையுங்கள். அது இல்லாமல் இந்த ஒப்பீட்டுக்கு வழியில்லை.

கேள்வி: மார்ஷ் கோன் (சிமெண்ட் பசை ஓடும் நேரத்தை அளக்கும் புனல்) சோதனையை லேப் இல்லாமல் சைட்டிலேயே செய்ய முடியுமா? எவ்வளவு சிமெண்ட், எவ்வளவு தண்ணீர் என்று சொல்லவும்.
— ஒப்பந்ததாரர், தஞ்சாவூர்

பதில்: தாராளமாகச் செய்யலாம். வேண்டியவை: 8 மி.மீ. வாயுள்ள மார்ஷ் கோன், அதை நிறுத்த ஒரு ஸ்டாண்ட், ஒரு கிராம் வரை காட்டும் தராசு, 500 மி.லி. அளவுக் குடுவை, கைமிக்சர், 1.18 மி.மீ. சல்லடை, நிமிடக் கடிகாரம். காசு மிச்சம் பிடிப்பதானால் தராசில் பிடிக்காதீர்கள். இந்தச் சோதனையின் துல்லியம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு கலவைக்கும் 2 கிலோ சிமெண்ட், 700 கிராம் தண்ணீர். விகிதம் 0.35. தண்ணீரும் சிமெண்ட்டும் 27 டிகிரியை ஒட்டி இருக்கட்டும். சித்திரை வெயிலில் கொட்டகைக்கு வெளியே செய்த எண்ணையும் மார்கழிக் காலையில் எடுத்த எண்ணையும் ஒப்பிட முடியாது. 0.4, 0.6, 0.8, 1.0, 1.2 சதவீதம் என ஐந்து கலவைகள். 2 கிலோவுக்கு இவை முறையே 8, 12, 16, 20, 24 கிராம். அட்மிக்சருக்குள்ளும் தண்ணீர் இருக்கிறது: 40 சதவீதத் திடப்பொருள் உள்ள 16 கிராம் திரவத்தில் தண்ணீர் 10 கிராமை ஒட்டி. அதை 700-லிருந்து கழித்துவிடுங்கள்.

தண்ணீரில் முக்கால் பங்கை ஊற்றிச் சிமெண்ட்டைக் கலக்குங்கள். ஒரு நிமிடம் கழித்து, மீதித் தண்ணீரில் கரைத்த அட்மிக்சரை ஊற்றி மேலும் மூன்று நிமிடம் கலக்குங்கள். எல்லாக் கலவைக்கும் இதே வரிசை, இதே நேரம். சல்லடையில் வடித்துக் கட்டிகளை நீக்குங்கள். கோனின் உட்புறத்தை ஈரத்துணியால் துடைத்து, வாயை விரலால் மூடி, ஒரு லிட்டர் பசையை ஊற்றி, விரலை எடுத்த நொடியில் கடிகாரத்தைத் தட்டுங்கள். 500 மி.லி. கோடு தொட எத்தனை வினாடி என்று குறியுங்கள். ஓடிய பசையை மீதியோடு சேர்த்து ஈரத்துணியால் மூடி வைத்து, 60-வது நிமிடத்தில் அரை நிமிடம் கலக்கி மறுபடி ஓடவிடுங்கள்.

முடிவை எப்படிப் படிப்பது என்று காட்ட ஒரு கற்பனைக் கணக்கு: 0.4-ல் 38 வினாடி, 0.6-ல் 24, 0.8-ல் 17, 1.0-ல் 16, 1.2-லும் 16 என்று வைத்துக்கொள்வோம். 0.8 வரை எண் சரிகிறது. அதன் பிறகு சரிவே இல்லை. அந்த முறியும் இடம்தான் செறிவுப் புள்ளி. துகள்களின் மேல் இனிப் படிய இடமில்லை, கூடுதலாக ஊற்றுவது தண்ணீரில் சும்மா மிதக்கும். நுண்மை கூடிய சிமெண்ட்டில் இந்த முறிவு வலப்பக்கம், அதாவது அதிக அளவுக்கு நகர்ந்திருப்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

60 நிமிட எண்களையும் அதே தாளில் புள்ளி வையுங்கள். இரண்டு கோடும் ஒட்டியே போனால் அந்தச் சிமெண்ட்டும் அந்தக் கேனும் பொருந்துகின்றன. முதல் ஓட்டத்தில் (ஏறக்குறைய 5-வது நிமிடம்) 17 வினாடியில் ஓடியது 60-ல் சொட்டுச் சொட்டாக விழுந்தால், அளவைக் கூட்டிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். வேறு வகை அட்மிக்சரையோ வேறு சிமெண்ட்டையோ தேடுங்கள். ஓடிய பசையைக் கண்ணாடிக் குவளையில் வைத்துப் பார்க்கவும் மறக்க வேண்டாம். மேலே தெளிந்த தண்ணீர் நின்று அடியில் கெட்டியாக உறைந்தால் அளவு செறிவுப் புள்ளியைத் தாண்டிவிட்டது.

கோன் கிடைக்கவில்லை என்றால் மினி ஸ்லம்ப் அச்சு போதும்: மேல் விட்டம் 19, கீழ் விட்டம் 38, உயரம் 57 மி.மீ. கண்ணாடிப் பலகையில் வைத்து நிரப்பித் தூக்கி, பரவிய வட்டத்தை இரண்டு திசையில் அளந்து சராசரி எடுங்கள்.

கேள்வி: சொந்த வீடு கட்டுகிறேன். பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமெண்ட் ஓ.பி.சி.யை விட நைசாக அரைத்தது என்று படித்தேன். அப்படியானால் அட்மிக்சர் அதிகம் போட வேண்டுமல்லவா? மேஸ்திரி குறைவாகவே போதும் என்கிறார்.
— வாசகர், புதுக்கோட்டை

பதில்: நீங்கள் படித்ததும் சரி, மேஸ்திரியின் கை அனுபவமும் சரி. ஐ.எஸ். 1489 பி.பி.சி.க்குக் கேட்கும் குறைந்தபட்ச நுண்மை 300. ஆனால் இந்த எண்ணை ஓ.பி.சி.யின் எண்ணோடு நேருக்கு நேர் வைத்துப் பார்க்க முடியாது. பி.பி.சி.யில் 15 முதல் 35 சதவீதம் வரை நிலக்கரிச் சாம்பல் இருக்கிறது. சாம்பல் லேசானது, ஒரு கிலோவில் அதிகத் துகள்கள் இருக்கும், அதனாலேயே கிலோக் கணக்கில் பரப்பு அதிகமாகத் தெரியும். அந்தத் துகள்களில் பெரும்பாலானவை கேழ்வரகு மாதிரி உருண்டை. உருண்டை உருளும், தண்ணீர் குறைவாகக் கேட்கும். தவிர, முதல் ஒரு மணி நேரத்தில் சாம்பல் கிட்டத்தட்டச் சும்மா இருக்கும். அட்மிக்சரைத் தின்னும் அலுமினேட் அந்த அளவுக்குக் குறைகிறது.

விதிவிலக்கு ஒன்று உண்டு: சாம்பலில் எரியாத கரி மிஞ்சியிருந்தால் அது பஞ்சு போல அட்மிக்சரை உறிஞ்சும். ஒரு கைப்பிடி சிமெண்ட்டைக் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் விட்டுக் கலக்கி நிற்க வையுங்கள். மேலே கறுப்பாக நுரை மாதிரி ஏடு படிந்தால் கரி இருக்கிறது. அந்த லோடுக்கு மேஸ்திரியின் வழக்கமான மூடிக்கணக்கு எடுபடாது.

வீட்டுத் தளத்துக்கு எம்20 கலவை என்றால், பாதிப்புக் குறைந்த (மைல்ட்) சூழலுக்குக் கான்கிரீட் தரவிதியான ஐ.எஸ். 456 அனுமதிக்கும் உச்ச தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.55, மூட்டைக்கு 27.5 லிட்டர். மணலில் இருக்கும் ஈரமும் இதற்குள் அடக்கம். அட்மிக்சரின் பயன், இந்தத் தண்ணீரை 23, 24 லிட்டருக்குக் குறைத்தும் கலவை இளகலாக இருப்பது. தண்ணீரைக் குறைக்காமல் அட்மிக்சரும் ஊற்றினால் வாங்கிய காசு வீண். சிமெண்ட் பால் தனியாகச் சென்ட்ரிங் இடுக்கில் ஒழுகும், ஜல்லி தேன்கூடாக நிற்கும்.

கேள்வி: தளம் போட்டு மறுநாள் காலையிலும் இறுகவில்லை, விரல் வைத்தால் பதிகிறது. கெமிக்கல் இரண்டு மடங்கு விழுந்துவிட்டதாகச் சந்தேகம். இடித்துவிட வேண்டுமா?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: உடனே இடிக்காதீர்கள். யாரையும் மேலே நடக்கவும் விடாதீர்கள். லிக்னோசல்ஃபோனேட் வகை அட்மிக்சரில் இயல்பாகவே சர்க்கரைப் பொருள் உண்டு. வெயில் காலத்துக்கான சூப்பர் பிளாஸ்டிசைசர்களில் இறுகலைத் தள்ளிப்போட குளூக்கோனேட் சேர்ப்பார்கள். அளவு மிஞ்சினால் இறுகல் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் தள்ளிப்போகும். அரைப்புக் குறைந்த சிமெண்ட்டிலும் பி.பி.சி.யிலும் இது கூடுதலாகத் தாக்கும். முன்னதில் பரப்புக் குறைவு, பின்னதில் அட்மிக்சரைத் தின்னும் அலுமினேட் குறைவு என்பதால் படியாமல் மிஞ்சும் பங்கு அங்கே அதிகம். நுண்ணிய ஓ.பி.சி.க்குச் சரியாக இருந்த அதே மூடிக்கணக்கை வேறு சிமெண்ட்டுக்கு மாற்றிப் போட்டதால்கூட இது நடந்திருக்கலாம்.

வெறும் தாமதம்தான் என்றால் வலிமை பின்னால் வந்து சேரும். மேற்பரப்பு காயாமல் பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். இறுகும் முன் தண்ணீர் கட்டக்கூடாது, பசை கரைந்துபோகும். வெடிப்பு தெரிந்தால், இறுகத் தொடங்கும் வேளையில் மரப்பலகையால் தட்டி மூடுங்கள். முட்டுப் பிரிக்கும் நாளை, போட்ட நாளிலிருந்து எண்ணாமல் இறுகிய நாளிலிருந்து எண்ணுங்கள். ஓ.பி.சி. தளத்துக்குத் தாங்கலுக்குத் தாங்கல் இடைவெளி (ஸ்பான்) 4.5 மீட்டர் வரை என்றால் 7 நாள், அதற்கு மேல் 14 நாள் என்பது ஐ.எஸ். 456 கணக்கு, பி.பி.சி.யாக இருந்தால் அதைவிடக் கூடுதலாக விடுங்கள். 28-ம் நாள் ஓர் இன்ஜினீயரை அழைத்து ரீபவுண்ட் சுத்தியலால் (துள்ளும் அளவை வைத்து வலிமையை மதிப்பிடும் கருவி) பல இடங்களில் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று நாளாகியும் பதிந்தால் தாமதம் என்று விட்டுவிட முடியாது, உடனே அவரை அழைக்க வேண்டும்.

அளவு வரம்பும் அதே ஐ.எஸ். 456-ல் இருக்கிறது: பிளாஸ்டிசைசர் 1 சதவீதம், சூப்பர் பிளாஸ்டிசைசர் 2 சதவீதம். இவை உச்ச வரம்புகள். அவ்வளவு போட வேண்டும் என்ற பரிந்துரை அல்ல.

கேள்வி: அட்மிக்சரை முதல் தண்ணீரோடு கலப்பதா, கடைசியில் ஊற்றுவதா?
— மிக்சர் ஆபரேட்டர், சேலம்

பதில்: காய்ந்த சிமெண்ட் மேல் ஒருபோதும் ஊற்றாதீர்கள். விழுந்த இடத்துச் சிமெண்ட்டே முழுவதையும் குடித்துவிடும். முக்கால் தண்ணீரில் எல்லாம் நனைந்து ஒரு நிமிடம் சுற்றிய பிறகு, மிச்சத் தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். அந்த ஒரு நிமிடத்தில் அலுமினேட் தன் பசியைச் சல்ஃபேட்டோடு தீர்த்துக்கொள்கிறது. நாப்தலீன் வகையில் இந்த வரிசை மாற்றம் ஒன்றுக்கே ஸ்லம்ப் கண்கூடாக ஏறும். அதிலும் சிமெண்ட் எவ்வளவு நைசோ அவ்வளவு லாபம். பி.சி.இ. (பாலிகார்பாக்சிலேட் ஈதர்) வகையில் வித்தியாசம் சிறிதுதான். லிக்னோ வகையில் மட்டும் எச்சரிக்கை: தாமதமாக ஊற்றினால் இளக்கத்தோடு இறுகல் தாமதமும் கூடும்.

கேள்வி: மழைக்காலம் முழுக்கக் குடோனில் கிடந்த மூட்டை. ஆச்சரியமாக, அட்மிக்சர் குறைவாகவே போதுமானதாக இருக்கிறது, நன்றாக இளகுகிறது. பழைய சிமெண்ட் நல்லதா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: இல்லை. காற்றின் ஈரம் பட்டுத் துகள்களின் மேல்தோல் ஏற்கெனவே வினைபுரிந்துவிட்டது. மிக நுண்ணிய துகள்களும் அலுமினேட்டும்தான் முதலில் செத்துப்போகும். அட்மிக்சரைத் தின்னும் வாய் மூடிவிட்டதால் இளகுகிறது. அதே நுண்ணிய துகள்கள்தான் முதல் வார வலிமையைத் தருபவை. கட்டி தட்டிய மூட்டையை ஒதுக்குங்கள். மற்றதைக் கியூப் சோதனை (கான்கிரீட் கட்டியை நசுக்கி வலிமை பார்ப்பது) இல்லாமல் தளத்துக்கோ தூணுக்கோ போட வேண்டாம்.

கேள்வி: நாப்தலீன் கேன் தீரும் நிலையில் இருக்கிறது. மிச்சத்தைப் புது பி.சி.இ. டிரம்மில் ஊற்றிக் கலந்து பயன்படுத்தலாமா?
— ரெடிமிக்ஸ் பிளாண்ட் ஊழியர், ஸ்ரீபெரும்புதூர்

பதில்: கூடாது. இரண்டும் கலந்தால் கூழ் போலத் திரிந்து, குழாயும் பம்ப்பும் அடைக்கும், இளக்கமும் போய்விடும். டாங்க், குழாய், அளவைக் கலன் மூன்றையும் தண்ணீர் விட்டுக் கழுவி, கழுவிய நீர் தெளிவாக வரும்வரை ஓடவிட்ட பிறகே பி.சி.இ.யை ஏற்றுங்கள். லாரி டிரம்மில் முந்தைய லோடின் மிச்சம் இருந்தாலும் இதே கதிதான்.

மாறும்போது அளவையும் புதிதாகக் காண வேண்டும். பி.சி.இ. மூலக்கூறில் சீப்புப் பல்லைப் போலப் பக்கக் கிளைகள் நீட்டி நிற்கும்; துகளை மின்னேற்றத்தைவிட இந்தக் கிளைகள்தான் தள்ளி நிறுத்துகின்றன. அதனால் குறைவான பொருளில் அதிக இளக்கம் கிடைக்கிறது, நுண்மை மிகுந்த சிமெண்ட்டுக்கு இது நன்றாகவே பொருந்தும். ஆனால் இரண்டு இடத்தில் சறுக்கும். எம்-சாண்டில் வீங்கும் களிமண் இருந்தால் கிளைகள் களிமண் அடுக்குகளுக்குள் நுழைந்து சிக்கிக்கொள்ளும். கரையும் சல்ஃபேட் மிக அதிகமுள்ள சிமெண்ட்டில் படிய இடம் கிடைக்காமல் முதலில் கெட்டியாக இருந்து, அரை மணி கழித்துத் தானாக இளகும். பிளாண்டில் ஸ்லம்ப் போதவில்லை என்று கூடுதலாக ஊற்றி அனுப்பினால், சைட்டில் இறங்கும்போது ஜல்லியும் பாலும் பிரிந்து கொட்டும். புது லோடு சிமெண்ட்டில் இந்தப் பழக்கம் இருக்கிறதா என்பதை 5, 30, 60 நிமிடம் என மூன்று முறை ஓடவிட்டுப் பார்த்த பிறகே அளவை நிர்ணயியுங்கள். சைட்டில் மறுபடி சேர்க்க நேர்ந்தால், கன மீட்டருக்கு ஒரு நிமிடமாவது டிரம்மை முழு வேகத்தில் சுற்றவிட்டு, ஸ்லம்ப்பை மறுபடி எடுத்த பிறகு இறக்குங்கள்.